ஒரு கையெழுத்துக்கு இரண்டு கட்சி

எங்கள் பக்கம் உப்பளத் தொழிலாளியின் ஓட்டைத் தெரிந்தேதான் பறிக்கிறார்கள். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இருக்காது, பாதி வீடு பூட்டியிருக்கும். சரியாக அப்போதுதான் வாக்காளர் பட்டியலில் பெயர் சரிபார்க்க வருகிறார்கள்.

உப்பளத்தில் வேலை செய்யும் கஸ்தூரி அக்காவின் பெயர் அப்படித்தான் போனது. அவர் அப்போது சென்னையில் சித்தாள் வேலையில் இருந்தார். மறுபடி சேர்க்க, அதே தெருக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இன்று மரக்காணம் டீக்கடையில் அக்கா படிவத்தோடு நின்றார். அவர் தெருக்காரர்கள் இருவர் அங்கே இருந்தார்கள். ஆளுக்கொரு கட்சி.

"மூணு மாசம் மெட்ராஸ்ல இருந்தா, அங்கயே ஓட்டு போடட்டும்" என்றார் ஒருவர்.

"ஏம்பா, உன் மச்சான் ஆறு வருஷமா துபாய்ல இருக்கான். அவன் பேரு மட்டும் எப்படி இருக்குது?" என்றார் மற்றவர்.

கடையே சிரித்தது. நான் கைகூடத் தட்டினேன்.

துபாயைக் கேட்டவர் அதே வேகத்தில் அக்கா பக்கம் திரும்பினார். "ஓட்டு எங்களுக்குத்தானே?"

"அத உங்ககிட்ட எதுக்குங்க சொல்லணும்?"

அவர் முகம் மாறியது. "இல்ல, ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதில்ல..." என்று இழுத்தார். அரை நிமிடத்தில் இரண்டு கட்சியும் கூட்டணி.

அக்கா பேனாவை நீட்டினார். "இருபது வருஷமா ஒரே தெருவுல இருக்கோம். யாராவது ஒருத்தர் போடுங்க."

இருவரும் ஆறிப்போன டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

நான் பக்கத்து ஊர், கிளியனூர்; என் கையெழுத்து செல்லாது. அந்தத் தெருவிலிருந்து இதைப் படிப்பவர்களே, யார் வருகிறீர்கள்?