கரிநாக்கு என்று பேரெடுத்த அக்கா

எங்கள் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். குடும்பத்தில் அவளுக்குக் ‘கரிநாக்கு’ என்று பேர். அவள் நாக்கில் கரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அப்பா குடல் புற்றுநோயில் போனார். சித்தப்பாவும் அதிலேயே போனார். “நம்ம வம்சத்துக்கே வயிறு சரியில்ல” என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அக்காவுக்கு மட்டும்தான் உறைத்தது. தானே போய் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். அப்பாவின் கோளாறு அவளுக்கும் இறங்கியிருந்தது. அதன்பிறகு வருஷா வருஷம் கேமரா விட்டுக் குடலைப் பார்க்கிறார்கள். ஒருமுறை சின்னக் கட்டி ஒன்று அகப்பட்டது. புற்றாகும் முன்பே எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் வேனில் ஏறிவிட்டாள்.

சோதனை முடிவு வந்த அன்றே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். “அண்ணே, உனக்கும் இருக்கலாம். உனக்கு இருந்தா பாப்பாவுக்கும் வந்திருக்கலாம். ஒரு ரத்தச் சோதனைதான்” என்றாள்.

அவன் குதிகுதியென்று குதித்தான். பாப்பாவுக்கு, அதாவது அவன் மகளுக்கு, அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். “வாயைக் கழுவு! அவகிட்ட மூச்சு விட்டே, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.” வேறு எதற்கும் அடங்காத அக்கா அந்த வார்த்தைக்கு அடங்கினாள்.

கல்யாணம் முடிந்தபின் மறுபடி கேட்டாள். “இப்பத்தானே போயிருக்கா, அங்க என்ன நினைப்பாங்க?” என்றான். அதற்குள் அவனுக்கே ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. மூலம், சூடு என்று கண்ட மருந்தையும் தின்று ஒரு வருஷம் ஓட்டினான், மகராசன்.

ஈரல்வரை பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, கட்டிலில் கிடந்தபடி அக்காவைப் பார்த்தான். “உன் வாய் பலிச்சிருச்சு. இப்பத் திருப்திதானே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுத்திருப்பவனை என்ன சொல்ல! அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை.

“நாளைக்குப் பாப்பாவைச் சோதனைக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்பவாவது சரின்னு சொல்லுண்ணே.”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு, “சரி. மாப்பிள்ளைக்குத் தெரியாம கூட்டிட்டுப் போ” என்றான்.

பாப்பா வெந்நீர் பிளாஸ்க்கோடு கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, நாங்கள் கவனிக்கவில்லை.

“எனக்கே தெரியாம வச்சிருந்தீங்களேப்பா,” என்றாள். “அது பத்தாதா?”