பெற்றீசியாவின் மூக்கு

“ஒங்கட மஹய்யாவப் பக்கம் சமைக்கிற பொம்புள ஒண்டுக்கு, கொரோனாவுக்குப் பொறகு மணமும் இல்லயாம், ருசியும் இல்லயாம். கருவாடும் மல்லிகைப்பூவும் ஒண்டுதானாம். பவாஸ் பஸ்ஸில கேட்டுட்டு வந்து செல்றார், அக்கா.”

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் புருஷன் பவாஸோடு கடை வைத்திருக்கும் மஸீனா இதைச் சொல்லிச் சிரித்தாள். பெற்றீசியாவும் சிரித்தாள்.

“அடப் பாவமே, யாரு அது? எங்க தெருவுல அப்படி யாரும் இல்லியே!”

அந்தப் பெண் அவள்தான். காய்ச்சல் விட்டு ஆறு மாதமாகியும் மூக்கு திரும்பவில்லை. “சிலருக்கு நாள் எடுக்கும்” என்றார் டாக்டர். மகள் ஷாமலாவைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வது? அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு ஏழைகளுக்குச் சோறு போடும் வீடுகளில் இருபத்திரண்டு வருடமாகச் சமைப்பவள். ஃபாதர் ஜெபம் சொல்லும்வரை அவள் நாக்கில் ஒரு பருக்கையும் படாது. ஆவியை முகர்ந்தே உப்புச் சொல்லிவிடுவாள். அந்தப் பெயர்தான் அவளுக்குச் சோறு போட்டது. இப்போது கரண்டிக் கணக்கில் உப்புப் போட்டு, ஷாமலாவைப் பக்கத்தில் நிறுத்தி முகரவைத்துக் காலம் தள்ளினாள்.

மஸீனா புதுத் தேங்காயெண்ணெய்த் தகரத்தின் மூடியைத் திறந்து நீட்டினாள். “ஒங்கட மூக்கு செல்லட்டும், அக்கா. பொறகுதான் மத்தவங்களுக்கு ஊத்துவன்.”

பெற்றீசியா வழக்கம்போலக் குனிந்தாள், கண்ணை மூடினாள். வெறும் காற்று.

“அருமையான எண்ண,” என்றாள்.

அடுத்த செவ்வாய் கலாராணி வீட்டு நேர்ச்சை. சமையல் காஸ் கிடைக்காத காலம். முற்றத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு. ஷாமலாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. பெற்றீசியா தன் வீட்டுப் புனலை வைத்து அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாள். அந்தப் புனலைத் துடைத்து, அதிலேயே மஸீனா கடையில் வாங்கிய தேங்காயெண்ணெயைச் சட்டிப் பக்கத்துப் போத்தலுக்கு இறக்கினாள். பருப்பைத் தாளித்தாள்.

ஜெபம் முடிந்து, வந்திருந்த ஏழைகள் பதின்மூன்று பேர் சோற்றில் கை வைத்தார்கள். வைத்த கைகள் அப்படியே நின்றன. “தீப்பெட்டி தந்தா இலையிலயே பத்த வைக்கலாம் தாயி,” என்றார் ஒரு கிழவர். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கலாராணி சிரிக்கவில்லை. “என்னக்கா, மண்ணெண்ண இப்படி அடிக்குது? ஒங்க மூக்குக்கா தெரியாமப் போச்சு?”

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“மஸீனா கடை எண்ண,” என்றாள் பெற்றீசியா. “வாங்கும்போதே எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு.”

சொன்ன வாயை அங்கேயே பொத்திக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனால் கலாராணி அதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி மஸீனாவை வைய ஆரம்பித்துவிட்டாள். பெற்றீசியா தலையைக் குனிந்து சட்டி கழுவினாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் அவள் அந்தப் பாலத்தைக் கடந்தபோது, மஹய்யாவப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் மஸீனா கடையைத் தாண்டி அடுத்த கடைக்குள் நுழைந்தார்கள். மஸீனா வாசலில் நின்று அந்தத் தகரத்தைத் தானே முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றீசியா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் ஷாமலா புனலோடு வந்தாள். “அம்மா, இதுலதான் மண்ணெண்ண நாத்தம்.”

“கழுவி வை.”

“கழுவிர்றேன். மஸீனாக்காட்ட யாரு சொல்றது?”

பெற்றீசியா போனை எடுத்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ‘பஸ்ஸுல பேசிக்கிட்டாங்களே, அந்தப் பொம்பள நான்தான், மஸீனா.’ இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு நம்பரை அழுத்தினாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். கடை மேசையில், தராசுக்குப் பக்கத்தில்தான் மஸீனா போனை வைத்திருப்பாள். திரையில் பெற்றீசியாவின் பெயர் தெரியும்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.