டேப் அறையின் உள்பக்கப் பொத்தான்

மார்ச் 9, ஞாயிறு. இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். படியெடுக்காமல் ஒரு கோப்பைத் துடைத்துவிட்டேன்.

இதற்கு மேல் வருவதைக் கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பட்டப்பகலில், எல்லா விளக்கும் எரியும்போது, என் காதுபட நடந்தது. எழுதும்போது பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது.

பகலில் எனக்கு மெயின்ஃபிரேம் என்னும் பெரிய கணினி இருக்கும் அறையில் வேலை, மாலையில் கணினி வகுப்பு. எந்தக் கதவு திறந்தது, யார் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று அந்த இயந்திரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். எழுத மூன்று கோப்புகள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். நிரம்பியதை டேப்பில் படியெடுத்த பிறகே துடைக்க வேண்டும். மூன்றும் நிரம்பிவிட்டால், அதன்பின் நடப்பது எதுவும் பதிவாகாது. போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கோப்பு நிரம்பவே நாள் முழுக்க ஆகும். இன்று மதியம் 1.10க்கே முதல் கோப்பு நிரம்பிவிட்டது. மாடியில் நான் மட்டும்தான். ஏதாவது குளறுபடி செய்துவிட்டேனோ என்று மேலாளருக்கு ஃபோன் போட்டேன். எதைக் கண்டாலும் அழிக்கச் சொல்வதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரப்பர்.

"எல்லாம் குப்பைய்யா. துடைச்சுத் தள்ளு."

"படியெடுக்காமலா சார்?"

"ரெண்டு மாசம் சாயங்கால வகுப்புக்குப் போயிட்டு எனக்கே பாடம் எடுக்கறியா? துடை!"

என்ன பதிவு என்று அவர் கேட்கவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன்.

சற்று நேரத்தில் இரண்டாவதும் நிரம்பியது. இந்த முறை திறந்து பார்த்தேன். திரை முழுக்க ஒரே வரி.

டேப் அறை. உள்பக்கப் பொத்தான். அழுத்தப்பட்டது.

டேப் அறை எனக்கு நேர் பின்னால். உள்ளே இருப்பவர் வெளியே வர, கதவோரம் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். கதவுக்கு முட்டுக் கொடுத்தே உள்ளே போய்ப் பழகியதால் நான் அதைத் தேடியதில்லை. நாற்காலியைத் திருப்பினேன்.

டக்.

கார்டைக் காட்டிக் கதவைத் திறந்தேன். டேப் அடுக்குகள். குளிர். யாரும் இல்லை.

பொத்தானும் இல்லை...

அந்த இடத்தில் ஓர் இரும்புத் தகடு. அதன் திருகாணிகள்மேல் பெயின்ட் அடித்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

தகட்டுக்குப் பின்னாலிருந்து... டக். டக். டக். டக்.

கெஞ்சுவது போல இல்லை. கோபமாக, ஓங்கிக் குத்துவது போல.

என் பின்னால் கதவு மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

காலை நடுவில் கொடுத்து வெளியே பாய்ந்தேன்.

ஃபோன் அடித்தது. ரப்பர்.

"துடைச்சியா?"

"இல்ல சார்."

"வேலை வேணுமா, வேண்டாமா?"

"படியெடுக்காம துடைக்க மாட்டேன். வேணும்னா நீங்களே வந்து துடைங்க!"

வைத்துவிட்டேன். டேப்பை மாட்டினேன். இரண்டாவது கோப்பைப் படியெடுத்தேன். பிறகு மூன்றாவதை.

டக்...

டக்......

2.31. டக்.

அப்புறம் ஒன்றுமில்லை. போய்விட்டது என்று மூச்சு விட்டேன்.

ஆறு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் அக்கா வந்தாள். டேப்பில் ஏறியதை அச்செடுத்து நீட்டினேன். முதல் வரியைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டாள்.

"டேய் தம்பி... இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

திரையில் நேரம் மட்டும்தான் தெரியும். தாளில் தேதியும் இருந்தது. நாள், மாதம் இன்றையதுதான். வருஷம் ஒன்பது வருஷத்துக்கு முந்தையது.

அன்று டேப் அறையில் மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயு தானாகத் திறந்துகொண்டதாம். டேப் அடுக்குபவர் உள்ளே இருந்திருக்கிறார். கதவு திறக்கவில்லை.

"பொத்தானை அழுத்தினதுக்குப் பதிவே இல்ல, ஆளு தூங்கிட்டிருந்தாரு, அதான் செத்தாருன்னு எழுதி மூடிட்டாங்க. மறு வாரமே பொத்தானைக் கழட்டிட்டாங்க. அவர் பொண்ணு இன்னிக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கா."

"பதிவு எங்க போச்சுக்கா?"

"மூணு கோப்பும் நிரம்பிக் கிடந்துச்சுடா. ஒருத்தரும் படியெடுக்கல."

"அன்னிக்கு டியூட்டி யாரு?"

அக்கா ஃபோனைப் பார்த்தாள்.

"ரப்பர்."

தாளை மறுபடி பார்த்தேன். மேலே நொடிக்கு ஒரு முறை. கீழே போகப் போக நிமிஷத்துக்கு ஒன்று. கடைசி இரண்டுக்கும் நடுவே ஆறு நிமிஷம்.

உள்ளே இருந்தவர் அமைதியாகிப் போகவில்லை. அதற்கு மேல் அழுத்த அவரால் முடியவில்லை.

ஆரம்பம் மட்டும் தாளில் இல்லை. அது நான் துடைத்த கோப்பில் இருந்தது.

நாளை: காலையில் முதல் வேலையாக இந்த டேப்புக்கு இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். அச்செடுத்த தாளை அவர் மகளிடம் நேரில் கொடுக்க வேண்டும். முகவரியை அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிறகு வேலை இருந்தால் வேலைக்கு, இல்லாவிட்டால் நேரே வகுப்புக்கு.