அம்மாவின் தமிழில் ஓர் ஒத்திகை

மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரனாக லண்டனுக்கு வந்து இறங்கியபோது எனக்கு இருபது வயது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, நெஞ்சில் பெயர்ப்பட்டை. பட்டையில் பெயருக்கு முன்னால் ‘மூப்பர்’ என்று ஒரு பட்டம் வேறு. மீசை ஒழுங்காக முளைக்காதவர்களை மூப்பர் என்று கூப்பிடுவதை நினைத்து நானே தனியாகச் சிரித்திருக்கிறேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் குடியிருந்த ஜெர்மனியில் அந்தச் சபையில் நான் சேர்ந்த நாளிலிருந்தே, சைவக்காரியான அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வருட ஊழியத்துக்குப் போகிறேன் என்றதும் பேச்சையே நிறுத்திவிட்டார். ரயில் நிலையத்துக்கு அப்பா மட்டும் வந்து, கையில் ஒரு பார்சலைத் திணித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

எங்கள் ஊழியத்தில் வீட்டுக்குப் போன் பண்ண வருடத்தில் இரண்டே நாள்தான் அனுமதி. ஒன்று கிறிஸ்துமஸ், மற்றது அன்னையர் தினம். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. பண்ணினாலும் அம்மா பேசுவாரா என்பதுதான் கவலை. பேசாமலேயே இரண்டு வருடம் ஓடிவிட்டால் பிறகு எங்களுக்குள் பேச்சு என்ற ஒன்று மிஞ்சுமா என்று பயந்தேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

லண்டனின் பிளேஸ்டோ பகுதியில் ஒரு கோழிப்பொரியல் கடைக்கு மேலே எங்கள் அறை. கோட்டுக்குள்ளும் அந்த எண்ணெய் வாடைதான். என் கூட்டாளி ஓர் அமெரிக்கன், பண்ணை வீட்டுப் பையன், கதவு நிலை தலையில் இடிக்கும் உயரம். கூட்டாளியைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்பது ஊழியச் சட்டம். நான் பல் விளக்கினாலும் அவன் வாசலில் நிற்பான். சட்டம் என்றால் அவனுக்கு உயிர். எனக்கு ஊழியம் பழக்குவது அவன் வேலை, அவனுக்குத் தமிழ் பழக்குவது என் வேலை என்று எங்களைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன.

அவனுடைய தமிழ் துண்டுப் பிரசுரத்திலிருந்து வந்தது. ‘மனந்திரும்புதல்’ என்று அட்சர சுத்தமாகச் சொல்வான். கதவைச் சாத்து என்றால் திருதிருவென்று விழிப்பான். நான் அதற்கு நேர்மாறு. என்னிடம் இருந்தது முழுக்க அம்மாவின் தமிழ். பாதி ஏச்சு, மீதி சாப்பாடு. ஜெபம் செய்ய வாய் திறந்தால் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்வதுபோல் இருந்தது. இந்த எழுத்துத் தமிழெல்லாம் பிற்பாடு படித்தது.

காலையில் படிப்பு முடிந்ததும் ஒத்திகை நடக்கும். ஒருவர் வெளியே போய்க் கதவைத் தட்ட வேண்டும், மற்றவர் வீட்டுக்காரராக நடிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இரண்டு மூன்று சந்தேகங்கள் இருக்கலாம், ஆனால் பாடப் புத்தகத்தில் பதில் உள்ள சந்தேகங்களாக இருந்தால் நல்லது. முதல் வாரக் கடைசியில் அவன், “இன்றைக்கு நீ ஒரு தமிழ் அம்மாவாக இரு” என்றான். எனக்குத் தெரிந்த தமிழ் அம்மா ஒருவர்தான்.

அவன் வெளியே போய்த் தட்டினான். “வணக்கம் அம்மா. நாங்கள் தேவனுடைய செய்தியை அறிவிக்க வந்திருக்கிறோம்.”

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ தம்பி.”

நிஜமாகவே குனிந்து காலிலிருந்து கழற்றினான். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் அவனைப் போட்டு வாட்டுவது என்றுதான் தொடங்கினேன்.

“எங்களிட்டைச் சாமி இருக்கு. உங்கடை எங்களுக்கு வேண்டாம்.”

“தேவன் நம் எல்லோருக்கும் தகப்பன்” என்று அவன் மனப்பாடத்தை எடுத்துவிட்டான்.

“தகப்பனைப் பற்றிக் கதைக்கிறியள். தாயைப் பற்றி ஒண்டும் காணேல்லை. உங்கடை அம்மா எங்கை?”

“அமெரிக்காவில்.”

“நீங்கள் வெளிக்கிடேக்கை அவ அழேல்லையோ?”

அவன் தடுமாறினான். “அழுதார். விமான நிலையத்தில்.”

அதோடு விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “என்ர ஒரே மகனும் இப்பிடித்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவன். நான் செத்தா எனக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?”

நான் கற்பனையில் சொன்னது அல்ல இது. அம்மா என்னிடம் கடைசியாகக் கேட்டதே இதுதான். குசினியில், பாத்திரம் கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டார். அன்றைக்கு அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். என் வாயால், அவருடைய குரலில் கேட்டபோது அது மிரட்டலாகத் தெரியவில்லை. அம்மா பயந்துபோயிருந்தார்.

கொள்ளி என்றால் என்ன என்று அவன் கேட்டான். தாயின் சிதைக்கு மகன்தான் நெருப்பு வைப்பான் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அவன் பாடப் புத்தகத்தைப் புரட்டினான். பிறகு மூடிவைத்தான். “எனக்குத் தெரியாது, அம்மா” என்றான் தமிழில். ஒத்திகை முடிந்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வெறுங்காலோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் சனிக்கிழமை. தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் இளஞ்சிவப்பில் அன்னையர் தின அட்டைகள் அடுக்கியிருந்தன. எங்கள் இருவர் நாட்டிலும் அது மே மாதத்தில்தான் வரும், அப்போது மார்ச். கூட்டாளி உள்ளே போய் விசாரித்தான். இங்கிலாந்தில் அது நாளைக்குத்தான் என்றார்கள். பஸ் தரிப்புவரை யோசித்துக்கொண்டே நடந்தவன், அங்கே நின்று சொன்னான்: “சட்டம் அன்னையர் தினம் என்றுதான் சொல்கிறது. எந்த நாட்டு அன்னையர் தினம் என்று சொல்லவில்லை.”

“அப்போ மே மாதம்?”

“மே மாதம் உனக்கு இல்லை” என்றான் கண்டிப்பாக. “நாம் நேர்மையாக இருக்க வேண்டும்.” அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பஸ் வந்துவிட்டது.

தமிழ்க் கடையில் போன் கார்ட் வாங்கினோம். ஞாயிறு ஆராதனை முடிந்து அறைக்கு வந்ததும் எண்களை அழுத்தினேன். அவன் சட்டப்படி அதே அறையில், ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அம்மாதான் எடுத்தார்.

“அம்மா, நான்.”

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிடுவார் என்ற அவசரத்தில் கடகடவென்று சொன்னேன்: “அண்டைக்குக் கேட்டனீங்களெல்லோ. நான் வருவன் அம்மா. எங்கை இருந்தாலும் வருவன். நான்தான் கொள்ளி வைப்பன்.” சபையில் அதற்கு இடம் உண்டா என்று நான் யாரையும் கேட்டிருக்கவில்லை. கேட்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன்.

டிவியின் சத்தம் குறைந்தது.

“அதுக்கு நான் முதல்லை சாகவேணும்” என்றார் அம்மா. “இப்ப உயிரோடை எல்லோ இருக்கிறன். அதுக்கு என்ன செய்யப்போறாய்?”

விக்கி விக்கி அழுதேன். அம்மா போனை வைக்கவில்லை. கார்ட்டில் காசு முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.