சிமெண்டில் எழுதியிருந்த பெயர்

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். ஆறு வருடம் ஓடிவிட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தவன், எனக்கு எழுத வராது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. படிக்கிறவர்கள் சாமியைக் குறை சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். முருகன் அறிய, குறை முழுக்க என்னுடையது.

என் அக்காவுக்குக் கல்யாணமான மறுவருடம் பெண் குழந்தை பிறந்தது. பதினொரு நாள்தான் இருந்தது. பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. பாடாங் செராய் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தின் இடுகாட்டில் அடக்கம் செய்தோம். எங்கள் தோட்டத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. அக்காவை லயத்து வீட்டு வாசலிலேயே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மாமா, அதாவது அக்காவின் கணவர், மிச்சமிருந்த சிமெண்டைக் குழைத்து ஒரு பலகை போலச் செய்து அந்த இடத்தில் பதித்தார். ஈரமாக இருக்கும்போதே ஆணியால் ஒரு பெயரை எழுதினார். "ஒரு பேரு வெச்சு எழுதிட்டேன். அதோட விடு, கேக்காத" என்று அக்காவிடம் சொன்னாராம். அப்புறம் இருவரும் கோத்தா கோலா மூடாவுக்குப் பிழைக்கப் போனார்கள். மூன்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். நாங்கள் யாரும் போய்ப் படித்துப் பார்க்கவுமில்லை, மாமா கடைசிவரை வாய் திறக்கவுமில்லை. அவர் போனபோது அந்தப் பெயரும் அவரோடு போயிற்று.

பிறகு தோட்டம் கைமாறியது. வீடு கட்டப் போகிறார்கள், இடுகாட்டைச் சமன்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கோயிலில் கேட்டுக்கொண்டபடி நான் மகளின் கேமராவை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சமாதியையும் படம் பிடித்தேன். மார்கழி மாதம், மழைத் தூறல். அக்கா குழந்தையின் பலகை லாலான் புல்லுக்குள் கிடந்தது. எழுத்தெல்லாம் பாசி. சுரண்டியிருந்தால் அங்கேயே படித்திருக்கலாம். சமாதியைச் சுரண்டுவது பாவம் என்று கையை எடுத்துக்கொண்டேன். கணினியில் பெரிதாக்கினால் தெரியும் என்று மகள் சொன்னாள். அடுத்த வாரமே இயந்திரம் வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

படங்களைக் கணினியில் ஏற்றினோம். கோயில் திருவிழாவுக்காகக் கேமராவில் இருந்ததை அழித்துக் காலி செய்தோம். அதன்பின் நான் அந்தப் படங்களைத் திறக்கவே இல்லை. சாமி மேசைக்கு எதிரேதான் கணினி. தைப்பூச விரதம் இருக்கும்போது சமாதிப் படத்தை எப்படித் திறப்பது? விரதம் முடிந்தது, பங்குனித் திருவிழா வந்தது. அதன்பின் மகள் கல்யாணம். அக்கா வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள்.

"தம்பி, என் மவ வந்துட்டாளா?"

"வருவாக்கா. தைப்பூசம் முடியட்டும்."

"அவ என்னடா, காவடியா தூக்கப் போறா?" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு, "சும்மா ஒரு பேருதானடா" என்பாள்.

கல்யாணமெல்லாம் முடிந்து ஒருநாள் திறக்கப் போனேன். கணினி எழவே அரைமணி நேரம். படங்கள் இருந்த பெட்டியைச் சொடுக்கினால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. உள்ளே டிக் டிக்கென்று சத்தம். பாடாங் செராயில் கணினி பழுது பார்க்கும் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. காதை வைத்துக் கேட்டார்.

"அண்ணே, ஹார்ட் டிஸ்க் ரோசாக் ஆயிடுச்சு, கெட்டுப்போச்சு. ஆனா இன்னும் படிக்குது. பைய பைய பிரதி எடுக்கலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரமா? நாள் கணக்குலா. சுலபமா வர்றத மொதல்ல எடுக்கும், வராதத திரும்பத் திரும்பப் போய் நோண்டும். கடையில சாயங்காலமானா மெயின் சுவிட்ச அடைச்சுருவோம். வீட்டுல வெச்சு ஓட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. நானா சொல்ற வரைக்கும் ஆஃப் பண்ணாதீங்க. அசைக்காதீங்க. வீட்டுக்கே வந்து பார்த்தாலும் பார்ப்பேன், ஆமா."

தம்முடைய கணினி ஒன்றில் அந்த டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தார். அதற்குத் தனியாக ஒரு மின்விசிறி வைத்தேன். திரையில் ஓர் எண் எறும்பு போல ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பாதியைத் தாண்டியது. அன்றைக்கு ஆயுத பூசை.

எங்கள் வீட்டில் ஆயுத பூசையன்று எந்தக் கருவியும் வேலை செய்யாது. காய்கறியை முதல் நாளே நறுக்கி வைத்துவிடுவோம். ரப்பர் பால் வெட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். கத்தி, வாளி, சைக்கிள் எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கினால், மறுநாள் காலை கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடுவோம்.

என் மனைவி தடுத்தாள். "ஏங்க, அது பாட்டுக்கு ஓடட்டும். ஃபிரிட்ஜ் ஓடலயா?"

"ஃபிரிட்ஜ் ஆயுதமா?"

"அப்ப ஃபேனு? அதையும் சாமிக்கு முன்னால படுக்க வைங்க."

நான் கேட்கவில்லை. ஒரு நாள் ஓய்வு கொடுத்துக் கும்பிட்டால் மிச்சத்தைச் சாமி நல்லபடியாக முடித்துக் கொடுக்கும் என்று மனதார நம்பினேன். முறையாகத்தான் நிறுத்தினேன். டிஸ்க்கைக் கழற்றித் தட்டில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். அந்தப் பெயரை மட்டும் கொடு தாயே என்று விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் மாட்டினேன். டிக், டிக், டிக். மூன்று தடவை. அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை.

கடைக்காரர் கையில் வாங்கி, குங்குமத்தைப் பெருவிரலால் துடைத்தார்.

"ஆஃப் பண்ணீங்களா?"

"ஆயுத பூசைப்பா."

டிஸ்க்கை மேசைமேல் வைத்தார். "ஓடிக்கிட்டிருந்த வரைக்கும்தாண்ணே அதுக்குத் தெம்பு. சூடு ஆறி நின்னுச்சுன்னா மறுபடி சுத்தாது. சொன்னேன்லண்ணே?"

கோலாலம்பூருக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தது. உள்ளே தட்டில் கீறல் விழுந்துவிட்டது, இனி யாராலும் முடியாது என்றார்கள்.

பாதிவரை எடுத்ததில் மகளின் கல்யாணப் படங்கள் வந்தன. பக்கத்துச் சமாதிகள் சில முழுசாக வந்தன. அக்கா குழந்தையின் படம் திறந்தது. மேலே ஒரு விரல் அகலத்துக்குப் புல், பலகையின் விளிம்பு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

கடைக்குக் கொண்டுபோகும்போதே டிஸ்க் செத்துப்போயிருந்தது என்று அக்காவிடம் சொன்னேன். "மெஷினுதானடா, நீ என்ன பண்ணுவ" என்று என்னையே தேற்றினாள். அந்தப் பொய்யோடு ஐந்து ஆயுத பூசை கும்பிட்டேன். ஒவ்வொரு வருடமும் கற்பூரத்துக்கு முன்னால் கண்ணை மூட முடியவில்லை.

போன வருடம் கோத்தா கோலா மூடாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சாமிக்காகப் பண்ணேங்கற. நான் என்ன சொல்ல?" என்றாள். ஒரு மீனின் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "நீ நேர்ல பார்த்தியேடா. எத்தன எழுத்து இருந்துச்சு? மூணா, நாலா?"

எனக்குத் தெரியவில்லை.

"நீட்டப் பேரா, குட்டப் பேரா? அதையாச்சும் சொல்லேன்."

அதுவும் தெரியவில்லை. பாசியைத்தான் பார்த்தேன். சாப்பிட்டுப் போ என்று சொல்லாமல் அக்கா என்னை அனுப்பியது அன்று ஒருநாள்தான்.

இப்போது இதை எழுதக் காரணம், கோயில்களில் சுற்றுகிற ஒரு கதை. ஆயுத பூசையில் வைத்துக் கும்பிட்டதும் டிஸ்க்குக்கு உயிர் வந்ததாம், படம் முழுசாகத் தெரிந்ததாம், அதில் அம்மன் பெயர் இருந்ததாம். ஜித்ராவிலிருந்து ஒரு பெண் அக்காவைத் தேடிவந்து, தன் பேத்திக்கு வைக்க அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறாள். அன்று அக்கா போன் செய்தாள். "தம்பி, என் மவ பேரு ஊருக்கே தெரிஞ்சிருக்குடா. எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

நான் இன்றும் இருவேளை விளக்கேற்றிக் கும்பிடுகிறவன். சாமியின் பெருமைக்காகக்கூட இதில் ஒரு சொல் கூட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். என் முட்டாள்தனத்தைக் குறைக்காதீர்கள். கேட்கிறவர்கள் கடைசியில் பெயர் என்ன என்று கேட்பார்கள். கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.