அம்முவுக்கு ஒரு துணை

திருவிடந்தையில் தினமும் பெருமாளுக்குக் கல்யாணம். வெளியூர்க்காரர்கள் மாலையும் கையுமாக வந்து வேண்டிக்கொண்டு போய், அடுத்த தையில் ஜோடியாகத் திரும்பி வருகிறார்கள். சன்னதித் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பட்டாபிக்கு மட்டும் நாற்பத்திரண்டு வயதாகியும் ஒன்றும் திகையவில்லை. வாசலிலேயே கிடக்கிறவன் பெருமாள் கண்ணுக்குக்கூடப் படமாட்டான் போலிருக்கிறது!

பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தா வேலை. சாயந்திரம் வந்து பூட்டைத் திறந்தால் ‘வந்தாயா’ என்று கேட்க ஆளில்லை. இருந்தவை இரண்டு கினிப்பன்றிகள்தான். அக்கா பிள்ளை ஜெயந்த் தொண்ணூற்றெட்டில் தில்லிக்குப் படிக்கப் போனபோது கூண்டோடு விட்டுப்போனவை. பூட்டுச் சத்தம் கேட்டதுமே கீச்சுக்கீச்சென்று விசிலடிக்கும். அதற்காகவே பட்டாபி வழியில் எங்கும் நிற்காமல் வந்துவிடுவார்.

“ஆசாரமான ஆத்துல பன்னியா?” என்று எதிர்வீட்டுக் கோதண்டராமன் முகம் சுளித்தார்.

“நம்ம பெருமாளே வராகம்தானே ஓய்!” என்றார் பட்டாபி.

அடுத்த வருஷம் ஒன்று செத்துப்போனது. மிச்சமிருந்த அம்மு தீனியைத் தொடவில்லை. மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தே இருந்தது. பட்டாபி கூண்டோடு தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்.

“நோவு ஒண்ணும் இல்ல சார்,” என்றார் கம்பவுண்டர் அப்பாசாமி. “தொணை இல்லாம ஏங்கிகினு கீது. நீ கூட இருந்தா பத்தாது, அதும் ஜாதியில ஒண்ணு வோணும். மதுராந்தகத்துல ருக்மிணி டீச்சர் வூட்ல மூணு கீது, போய்ப் பாரு சார்.”

ருக்மிணி டீச்சருக்கு நாற்பதை நெருங்கும் வயது. அவரும் தனிக்கட்டை. கூண்டைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

“கம்பித் தரையில விட்டா காலெல்லாம் புண்ணாகாதோ? வைக்கோல் பரப்புங்கோ. ஓடி ஒளிய ஒரு அட்டைப்பெட்டி வேண்டாமா? கொய்யா குடுக்கறேளா? குடுக்காட்டா ஈறெல்லாம் வீங்கிடும்!”

திட்டு வாங்குவதுகூடச் சுகமாக இருந்தது. பட்டாபியைத் திட்ட ஆளிருந்து எத்தனை வருஷம்!

“மூணும் கூடப் பொறந்ததுகள், பிரிக்க மனசு வரலை. அம்மு ஒரு மாசம் இங்க இருந்து பழகட்டுமே,” என்றார் டீச்சர்.

ஞாயிறுதோறும் பட்டாபி மகாபலிபுரத்தில் ஒரு பஸ், செங்கல்பட்டில் ஒரு பஸ் என்று மாறிப் போனார். அம்மு தின்ன ஆரம்பித்தது. மற்றவற்றோடு முட்டி மோதிக்கொண்டு வைக்கோலில் புரண்டது. டீச்சர் காபி கொடுப்பார். இருவரும் அம்முவைப் பற்றியே பேசுவார்கள். வேறு பேச்சு எடுக்கப் பட்டாபிக்கு வாய் வரவில்லை.

மாசம் முடிந்தது. கூட்டிப் போனால் அம்மு மறுபடி மூலையில் உட்காரும். விட்டுவிட்டு வந்தாலோ வீடு வெறிச்சென்று ஆகிவிடும். பட்டாபி கொண்டுவந்த கூடையைத் திறக்கவே இல்லை. “இங்கேயே இருக்கட்டும்,” என்றார்.

வாசல்வரை வந்த டீச்சர் கேட்டார்: “இனிமே எப்போ வருவேள்?”

“எதுக்கு? அதான் அம்மு சௌக்கியமா இருக்கே.”

டீச்சர் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

செங்கல்பட்டில் பஸ் இறங்கும்போதுதான் பட்டாபிக்கு உறைத்தது. டீச்சர் கேட்டது அம்முவுக்காக இல்லை. அட மண்டு! இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தாய்!

அடுத்த ஞாயிறு சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். என்ன சொல்லிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பது? அம்முவுக்கு ஒரு குறையும் இல்லை. போவதற்குக் காரணம் எதுவும் இல்லை, ஆசை மட்டும்தான் இருந்தது. பஸ் வந்தது.

“இன்னா சார், ஏறலியா?” என்றார் கண்டக்டர்.

பட்டாபி இல்லையென்று தலையாட்டினார்.