காந்த மோதிரம் மாட்டிய விரல்

வீட்டுக்காரர் போய் நான்கு மாதம். மெட்டியைக் கழற்றிய நாளிலிருந்து என் நடை தள்ளாடுகிறது. விழுந்தால் தூக்கிவிட வீட்டில் ஆளில்லை.

இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் காந்த மோதிரம் விற்கிற ஒரு பெண் என்னை நிறுத்தினாள்.

"ஆன்டி, கால் விரல்ல இத போட்டா பேலன்ஸ் வந்துரும் லா. மொதல்ல ஒத்தக் கால்ல நில்லுங்க."

நின்றேன். ஆடிப்போனேன்.

பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, மெட்டி போட்டிருந்த விரலிலேயே அதை மாட்டிவிட்டாள். மறுபடி ஒற்றைக் காலில் நின்றேன், அசையவில்லை.

"பாத்தீங்களா?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மோதிரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு மறுபடி அதே மாதிரி நின்றேன். அப்போதும் ஆடவில்லை. பெருவிரல் தரையை அழுத்திப் பிடித்திருந்தது.

"செருப்பக் கழட்டினதுதானம்மா உன் வித்தை?"

"எல்லாரும் இப்படி செக் பண்ண மாட்டாங்க ஆன்டி," என்று சிரித்தாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை விரல்களை ஊன்றி ஊன்றி நடந்தேன். தடுமாறவில்லை. முப்பது வருடம் அவர் கையைப் பிடித்தே நடந்ததில், என் கால்விரல்களுக்கு வேலையே இருந்ததில்லை போலிருக்கிறது.

அந்த மோதிரத்தை வாங்கிய அக்காமார் யாராவது இருந்தால் இங்கே கமெண்டில் சொல்லுங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.